என் லெட்டருக்கு யாரும் பணம் கொடுக்காதீர்கள்

காரைக்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னும் அம்மா ஒருவர் போன வாரம் வந்தார். பிரதமர் திட்டத்தில் கருவி வாங்க 15,000 ரூபாய், அப்புறம் ஒரு லட்சம் கடன், எல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவன் அவரிடம் மூவாயிரம் வாங்கிப் போயிருக்கிறான். "உங்க சிபாரிசு லெட்டருக்குத்தான் அந்தக் காசுன்னு சொன்னான், அண்ணே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றியக் கவுன்சிலராக என் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இன்று தனி அலுவலர்தான் ஒன்றியத்தைப் பார்க்கிறார். பதவியில் இருந்தபோதும் என் லெட்டருக்கு எவரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. இதற்கு முன் ஒரு தச்சர், ஒரு கொத்தனார், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைப் பையன் ஒருவன் என்று இதே கதையோடு வந்திருக்கிறார்கள். போதும்.

அந்த அம்மாவிடம் சொன்னது விஸ்வகர்மா திட்டம். மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கியது. 18 கைத்தொழில்களுக்கானது, கூடை முடைவதும் அதில் உண்டு. ஆனால் அப்போதிருந்த வடிவில் அதைத் தமிழ்நாட்டில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் டெல்லிக்கு எழுதிவிட்டார். அப்பன் செய்த தொழிலையே பிள்ளையும் செய்ய வேண்டும் என்பது போன்ற நிபந்தனை கூடாது என்று மாநில அரசு சொன்னது. அதற்குப் பதிலாக 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். இங்கே நடைமுறையில் இல்லாத திட்டத்துக்கு அவன் வசூல் செய்கிறான், நாமும் கொடுக்கிறோம்.

டெல்லியில் பட்ஜெட் வாசித்த மறுநாளே பணம் கிளம்பி, எங்களைப் போன்றவர்கள் கை வழியாக ஊருக்கு வருகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த நினைப்பு போக மாட்டேன் என்கிறது. அறிவிப்புக்கும் உங்கள் பாஸ்புக்குக்கும் நடுவே வழிகாட்டு விதி, மாநில அரசின் பங்கு, அரசாணை, மாவட்ட அலுவலகம் என்று நிறைய இருக்கிறது. எம்.பி. நிதி என்கிறோமே, ஆண்டுக்கு 5 கோடி, அதுவே எம்.பி.யின் கைக்குப் போவதில்லை. இந்த ஊருக்கு இந்த வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரை எழுதுவார், அவ்வளவுதான். ஒப்புதலும் செலவும் மாவட்ட நிர்வாகத்திடம். அதுவும் பெரும்பாலும் பள்ளிக் கட்டடம், குடிநீர் மாதிரி பொதுச் சொத்துக்குத்தான். எம்.எல்.ஏ. நிதியும் அதே கதைதான். தனி ஒருவருக்கு அதிலிருந்து கடனோ தொழில் கருவியோ எடுத்துக் கொடுக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. பிரதமரின் வீட்டுத் திட்டத்தில் வரும் 1,20,000 ரூபாயும் அப்படித்தான். 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. கட்டுமானம் ஏறுவதைப் படம் எடுத்து ஏற்றிய பிறகு தவணை தவணையாகப் பயனாளியின் கணக்குக்கே நேராக வரும். நடுவில் ஒருவர் பெற்றுத் தர இடமே இல்லை.

அப்படியானால் எங்கள் வேலை என்ன? மனு எங்கே நிற்கிறது என்று கேட்பது, தள்ளிவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கித் தருவது, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) நின்று பேசுவது. இதற்குக் காசு இல்லை. நம் பக்கத்தில் அந்தக் காரணம் பெரும்பாலும் பட்டாவாகத்தான் இருக்கும். பங்காளிகள் பத்துப் பேர் சிங்கப்பூர், மலேசியா, சென்னை என்று பிரிந்து கிடப்பார்கள், நிலம் அப்பச்சி பெயரிலேயே இருக்கும். 2019 பிப்ரவரி 1-க்குள் நிலம் யார் பெயரில் இருந்தது என்று, விவசாயிகளுக்குப் பணம் தரும் பிரதமரின் கிசான் திட்டம் பார்க்கும்போது உழுகிறவர் பெயர் எங்கும் இருக்காது. எந்தத் தலைவர் லெட்டரும் இதைச் சரிசெய்யாது. முதலில் பட்டாவை மாற்றுங்கள்.

அந்தக் கிசான் திட்டத்திலேயே 2020-ல் நம் மாநிலத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைப் பட்டியலில் சேர்த்தார்கள், சுமார் 110 கோடி ரூபாய் போனது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. பணம் வந்த கணக்குகளிலிருந்தே அதைத் திரும்ப எடுத்தார்கள். கமிஷன் வாங்கியவன் போய்விட்டான், அவனுக்குக் கொடுத்த காசும் போச்சு.

ஆதாரை எவனிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஓடிபியைச் சொல்லவே சொல்லாதீர்கள். இ-சேவை மையத்தில் கட்டும் கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். முத்ரா கடனுக்கு ஏஜென்ட் கிடையாது, வங்கிக்கு நேராகப் போங்கள். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தும் முகம் தெரியாதவனிடம் மனு எழுதி வாங்குகிறீர்களே, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லக்கூடாதா?

கிராம சபைக்கு வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பயனாளிகள் பட்டியலை அங்கேதான் வாசிப்பார்கள். உங்கள் பெயர் ஏன் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் கேட்கலாம், தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். நான் போன சபைகளில் பாதி நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம். ஓடிபி சொல்லிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். கையில் கொடுத்திருந்தால் காவல் நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே ரசீது எதையும் அழிக்காமல் அந்தப் போனையே கொண்டு வாருங்கள்.