சுமையை இறக்கி வைத்த சுவர்

சிகாகோவின் வானளாவிகள் எப்படி நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள, முதலில் பார்க்க வேண்டியது மோனட்நாக் கட்டடத்தைத்தான். 1891-இல் எழும்பிய அதன் வடபாதிக்கு 16 மாடிகள். வெளிச்சுவர் முழுக்கச் செங்கல், சுமை தாங்குவதும் அதுதான். மேல் மாடிகளின் எடையெல்லாம் கீழ்ச்சுவரில் இறங்குவதால், அடியில் அதன் கனம் சுமார் 1.8 மீட்டர்! ஜன்னல் ஒவ்வொன்றும் ஆழமான குழிக்குள் இருக்கிறது. போதாததற்கு, அந்த ஊரின் அடிமண் இளகிய களிமண். கட்டடம் காலப்போக்கில் அரை மீட்டர் அளவுக்கு மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

அதையொட்டியே 1893-இல் கட்டிய தென்பாதியில் எஃகுச் சட்டகம் வந்துவிட்டது. உத்தரங்கள் எடையை வாங்கித் தூண்களிடம் கொடுக்க, தூண்கள் அதை அடித்தளத்தில் இறக்கின. சுவருக்கு மிஞ்சியது மழையையும் குளிரையும் தடுக்கும் வேலைதான். இந்த வழியைத் தொடங்கிவைத்தது பொறியாளர் ஜென்னி வடிவமைத்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் (1885). அதை 1931-இல் இடித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சரி, எடைக்கு வழி கிடைத்தது. காற்றுக்கு? ஒரே சீராக வீசும் காற்றிலும், உயரம் இரு மடங்கானால் கட்டடத்தை அடியோடு சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை நான்கு மடங்காகும். நடுவில் நிற்கும் தூண்கள் இதற்கு அதிகம் உதவாது. டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் தூண்களை விளிம்புக்குக் கொண்டுபோனார். கட்டடமே மூங்கில் மாதிரி உள்ளீடற்ற குழாயானது. காற்று மோதும் பக்கத்துத் தூண்கள் இழுபடும், எதிர்ப்பக்கத் தூண்கள் அழுந்தும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். எடையிலிருந்து விடுபட்ட வெளிச்சுவருக்குக் காற்றைத் தாங்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

100 மாடி ஜான் ஹான்காக் சென்டரின் (1969) முகப்பில் தெரியும் ராட்சதப் பெருக்கல் குறிகள் அலங்காரம் அல்ல. காற்றின் விசையை மூலைக்கு மூலை கடத்துபவை அவைதான். சில அறைகளில் ஜன்னலுக்குக் குறுக்கே சாய்ந்த எஃகு போகும். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் தளப்பரப்பின் சதுர மீட்டருக்கு 206 கிலோ எஃகு, இங்கே 145 கிலோதான்.

அப்புறம் 1973-இல் 442 மீட்டர் உயர சியர்ஸ் டவர். அவ்வளவு உயரத்துக்கு ஒற்றைக் குழாய் போதாது, பக்கச்சுவரின் நடுத்தூண்கள் தம் பங்கைச் சரியாக ஏற்காது. அதனால் ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டினார் கான். உள்ளே ஓடும் பொதுச்சுவர்கள் நடுத்தூண்களையும் வேலை வாங்கின. மேலே போகப் போக அவ்வளவு குழாய் தேவையில்லை. 50, 66, 90-ஆம் மாடிகளில் சில சில நின்றுவிட, உச்சிவரை போவது இரண்டே இரண்டு.