பழைய டீசல் லாரியை உடைக்கக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? மின் லாரி மானியமும் ஸ்கிராப் சான்றிதழும்

நம் நாட்டில் ஓடும் வண்டிகளில் டீசல் லாரிகள் 3 சதவீதம்தான். ஆனால் போக்குவரத்தால் வெளிவரும் பசுங்குடில் வாயுக்களில் 42 சதவீதம் அவற்றிலிருந்து வருவதாக மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் 2025 ஜூலையில் சொன்னது. மின் லாரிக்கு முதல் முறையாக மானியம் அறிவித்தபோது சொன்ன கணக்கு இது. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. அந்தப் புகையை மிக அருகில் நின்று, மிக அதிக நேரம் சுவாசிப்பவர்கள் டிரைவர், கிளீனர், டோல்கேட் ஊழியர், புறவழிச்சாலை ஓரம் குடியிருப்பவர்கள். இந்த மானியத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியவர்களும் லாரித் தொழிலில் இருப்பவர்களே. ஆனால் அவர்களை எட்டும் தகவல் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். "15 வருஷம் ஆனால் வண்டியை உடைத்தே ஆகணும்" என்று பலரும் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் தனியாருக்குச் சொந்தமான லாரிக்கு அப்படி விதி இல்லை. அரசு வண்டிகளுக்கு மட்டும் 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுக்கு மேல் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் மீது நீதிமன்ற உத்தரவுகளால் வந்த கட்டுப்பாடு தனிக் கதை. நம் ஊரில் வண்டி எஃப்.சி. எனப்படும் தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். ஆனால் வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணம் ஏறும். 2025 நவம்பரில் மத்திய அரசு மாற்றிய கட்டணப்படி, 20 ஆண்டு தாண்டிய கனரக லாரிக்கு அது 25,000 ரூபாய். வண்டியை விடச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, செலவு கட்டாயப்படுத்துகிறது.

மின் லாரி மானியம்

திட்டத்தின் பெயர் பி.எம். இ-டிரைவ். மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். ஸ்கூட்டர், ஆட்டோ, பேருந்து, ஆம்புலன்ஸ், சார்ஜிங் நிலையம் எல்லாம் இதற்குள் வரும். லாரிக்கு ஒதுக்கியது 500 கோடி. அதற்கான நடைமுறை விதிகள் 2025 ஜூலையில் வெளிவந்தன. நாடு முழுவதும் சுமார் 5,600 லாரிகளுக்கு இந்தப் பணம் போதும் என்பது அமைச்சகத்தின் கணக்கு. அதில் 1,100 லாரிகள் டெல்லிப் பதிவுக்கென்று தனியாக வைக்கப்பட்டுள்ளன. மீதமுள்ளதுதான் மற்ற மாநிலங்கள் எல்லாவற்றுக்கும்.

மொத்த எடை 3.5 டன்னிலிருந்து 55 டன் வரையுள்ள சரக்கு வண்டிகளுக்கு மானியம் உண்டு. டிரெய்லர் வண்டி என்றால் முன்னால் இழுக்கும் டிராக்டருக்கு மட்டுமே, பின்னால் வரும் டிரெய்லருக்குக் கிடையாது. ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். சிறிய எடை வகைகளுக்கு இந்த உச்சவரம்பு குறையும்.

இந்தத் தொகை எல்லாருக்கும் முழுதாகக் கிடைத்துவிடாது. பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (கிலோவாட் மணி) 5,000 ரூபாய் என்று ஒரு கணக்கு. தொழிற்சாலை விலையில் 10 சதவீதம் என்று இன்னொரு கணக்கு. இரண்டில் எது குறைவோ அதுதான் மானியம். 200 யூனிட் பேட்டரி உள்ள ஒரு லாரியின் தொழிற்சாலை விலை 85 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 10 லட்சம் வரும், இரண்டாவதில் 8.5 லட்சம். கிடைப்பது 8.5 லட்சம்தான். டீலரிடம் பேசும்போது ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாமல், தொழிற்சாலை விலை என்ன, பேட்டரி எத்தனை யூனிட் என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. பில்லிலேயே கழித்துக் கொடுத்துவிட்டு, தயாரிப்பு நிறுவனம் அதை அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஆகவே "மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் அவருக்கும் இந்தத் திட்டத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிந்துகொள்ளலாம். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை என்பதால் பணம் தீர்ந்தால் மானியமும் நின்றுவிடும். 2026 மார்ச்சில் முடிய வேண்டிய திட்டம் லாரி, பேருந்து போன்ற பெரிய வண்டிகளுக்கு 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

உத்தரவாதத்தையும் விதியே வரையறுத்துள்ளது. பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர்; வண்டிக்கும் மோட்டாருக்கும் 5 ஆண்டு அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு முடியும். ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் நெடுந்தூர லைன் வண்டிக்கு மோட்டார் உத்தரவாதம் இரண்டரை ஆண்டில் தீர்ந்துவிடும். கடன் தவணையோ அதைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கும். வாங்கும் முன் இதை யோசித்தே ஆக வேண்டும்.

முக்கிய நிபந்தனை: பழைய வண்டி போக வேண்டும்

மின் லாரி வாங்கினால் மட்டும் மானியம் வராது. ஒரு பழைய லாரியை உடைப்பதற்காக முறையாக ஒப்படைத்ததற்கான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி இந்த நிபந்தனைதான். புதிய வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டால், அது கைமாறி இன்னொரு ஊரில் அதே புகையோடு ஓடும். காற்றுக்கு எந்த லாபமும் இருக்காது.

அமெரிக்காவில் டீசல் புகையைக் குறைக்க 2005-ல் ஒரு சட்டம் வந்து, 2008 முதல் நிதி தரப்படுகிறது. அங்கே மானியம் பெற்று மாற்றும் பழைய எஞ்சினின் பிளாக்கில் மூன்று அங்குலத்துக்குத் துளை போட்டுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். திரும்ப யாரும் அதை ஓட்டிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. நம் விதியில் அந்த வேலையைச் செய்வது சான்றிதழ்.

அந்தச் சான்றிதழின் ஆங்கிலப் பெயரை (சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்) சுருக்கி டீலர்கள் சி.டி. என்கிறார்கள். 2021 செப்டம்பரில் வந்த வாகன அழிப்பு நிலைய விதிகளின்படி, அரசிடம் பதிவு பெற்ற நிலையம் மட்டுமே அதைத் தர முடியும். வண்டியைக் காயலான் கடையில் எடை போட்டு விற்றால் கையில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், சான்றிதழ் கிடைக்காது. அதைவிட மோசம், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த சேஸிஸ் நம்பரை வைத்து யாராவது ஏதாவது செய்தால் விசாரணைக்கு நீங்கள் போக வேண்டியிருக்கும்.

பதிவு பெற்ற நிலையத்துக்குப் போகும் முன் ஃபைனான்ஸ் பாக்கியை முடித்து ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை நீக்கிவிடுங்கள். திருட்டு வண்டியா, போலீஸ் வழக்கு உண்டா என்று நிலையத்தார் இணையத்தில் சரிபார்ப்பார்கள். விண்ணப்பம் மத்திய அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாகன் வழியாகப் போகும். ஆர்.சி. அசலையும் வண்டியையும் ஒப்படைத்ததும் சி.டி. வரும், வண்டி உடைக்கப்பட்ட பிறகு அதற்குத் தனிச் சான்றிதழ் வரும். ஆர்.டி.ஓ. பதிவேட்டிலும் அந்தப் பதிவு நீங்கியதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சான்றிதழை விற்கலாம். நீங்கள் புதிய வண்டி வாங்கப் போவதில்லை என்றாலும், வாங்கப் போகும் ஒருவருக்கு இணையம் வழியாக அதை மாற்றிக் கொடுக்க முடியும். ஒருமுறை பயன்படுத்தியதும் அது ரத்தாகிவிடும். வாங்குபவர் தரப்பில் இருந்தால், கையிலுள்ள சான்றிதழ் நீங்கள் எடுக்கப் போகும் லாரியின் எடை வகைக்குச் செல்லுமா என்று பணம் கொடுக்கும் முன்பே டீலரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மின் லாரி வேண்டாம், பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் லாரியே போதும் என்பவருக்கும் சி.டி. பயன்படும். மத்திய விதிப்படி, அதைக் காட்டி வாங்கும் புதிய போக்குவரத்து வண்டிக்கு மாநிலங்கள் சாலை வரியில் 15 சதவீதம் வரை, 8 ஆண்டுகள் வரை சலுகை தரலாம். பதிவுக் கட்டணமும் தள்ளுபடி. சலுகை எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்வதால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பதே சரி. இதுபோக 2024 ஆகஸ்டில் வாகன உற்பத்தியாளர்கள் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் முன்னிலையில் ஒரு ஒப்புதல் தந்தார்கள். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டியை உடைத்துவிட்டு வருபவருக்கு ஷோரூம் விலையில் 3 சதவீதம் தள்ளுபடி. இரண்டு ஆண்டு காலத்துக்கு. அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று டீலரிடம் நீங்களே கேளுங்கள். பழைய டீசலுக்குப் பதில் பி.எஸ். 6 வருவதும் காற்றுக்குச் சின்ன விஷயமல்ல. பி.எஸ். 4 கனரக எஞ்சினோடு ஒப்பிட்டால் அனுமதிக்கப்படும் நைட்ரஜன் ஆக்சைடு கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான்.

யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களிலிருந்து அருகிலுள்ள கிடங்குக்கு கன்டெய்னர் அடிக்கும் வண்டிகள், சிமென்ட் ஆலை, இரும்பாலைக்குள் ஒரே தடத்தில் ஓடும் வண்டிகள் ஆகியவற்றுக்கு இந்த மானியம் பொருந்தும். தூரம் தெரியும், திரும்பி வரும் இடம் தெரியும், அங்கேயே சார்ஜ் போடலாம். அமைச்சகமும் துறைமுகம், சரக்குப் போக்குவரத்து, சிமென்ட், எஃகு என்றுதான் பயனாளிகளைச் சொல்கிறது. பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் 150 மின் லாரிகள் எடுப்பதாக உறுதி கூறியிருக்கிறது.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரே ஒரு வண்டி வைத்து, தானே ஸ்டியரிங் பிடிக்கும் உரிமையாளரின் நிலை வேறு. அவர் வாங்குவதே பெரும்பாலும் பத்து ஆண்டு ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டி. மின் லாரி விலையில் 10 சதவீதம் கழித்தாலும் மீதி 90 சதவீதத்துக்கு அவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டிக்குச் சந்தையில் கிடைக்கும் விலை, இரும்பு விலையைவிட எப்போதும் கூடுதல். ஆகவே நல்ல வண்டியை உடைக்கக் கொடுக்க அவருக்குக் காரணமே இல்லை. 10,900 கோடி திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி உண்டு. சுமார் 72,300 சார்ஜர்கள் என்று திட்டமிட்டார்கள். ஆனால் பேருந்து போன்ற பெரிய வண்டிகளுக்கானவை 1,800 மட்டுமே. நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்திச் சார்ஜ் போடுவது என்ற கேள்விக்கு லைன் லாரிக்காரருக்கு இன்னும் பதில் இல்லை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. மின் லாரிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், டீசல் லாரிக்கு 28 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டீசல் லாரிக்கு 18 ஆகக் குறைத்தார்கள். வரிக்கு முன் 40 லட்சம் விலையுள்ள டீசல் லாரி இதனால் 4 லட்சம் இறங்கியது. உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறாத சிறு உரிமையாளருக்கு இது நல்ல செய்திதான். அதே சமயம், மின் லாரிக்கு ஒரு கையால் கொடுத்த சாதகத்தில் ஒரு பங்கை இன்னொரு கை எடுத்துக்கொண்டது. மின் சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்ற 2018 அக்டோபர் அறிவிப்பு மட்டும் மாறாமல் நிற்கிறது.

எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு. அமெரிக்கத் திட்டம் புது வண்டிக்கு மட்டும் பணம் தரவில்லை. ஓடும் பழைய வண்டியில் எஞ்சினை மாற்றவும், சைலன்சரில் புகை வடிகட்டி பொருத்தவும்கூட ஒரு பங்கு செலவை ஏற்கிறது. அப்படிப்பட்ட வடிகட்டிக்குக் கந்தகம் குறைந்த டீசல் தேவை. 2020 ஏப்ரல் முதல் இந்தியா முழுக்க 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தக டீசல்தான் விற்கிறது. டெல்லி வட்டாரத்தில் டீசல் ஜெனரேட்டர்களுக்கு இத்தகைய கருவி பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பழைய எஞ்சினுக்கும் அது ஒத்துவராது என்பது உண்மைதான். ஒத்துவரும் லாரிகளுக்காவது பாதிச் செலவை அரசு ஏற்றால், ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்குக்குள் வருவார்கள். லாரி உரிமையாளர் சங்கங்கள் அடுத்த முறை அமைச்சரைச் சந்திக்கும்போது எரிபொருள் விலை, டோல் கட்டணத்தோடு இதையும் மனுவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை சிறு உரிமையாளருக்குச் சொல்லக் கூடியது இதுதான். எஃப்.சி. தேறாமல், இனி செலவு செய்து பயனில்லை என்ற நிலைக்கு வண்டி வந்துவிட்டால் காயலான் கடைக்கு முன் பதிவு பெற்ற நிலையத்தில் விலை கேளுங்கள். இரும்பு விலை, சான்றிதழை விற்றால் வரும் தொகை இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பழைய வரி, அபராதப் பாக்கி இருந்தால் முடிவெடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். வண்டியை உடைப்பதற்காக நிலுவையைத் தள்ளுபடி செய்யும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனில் ஊக்கத்தொகை கொடுத்துவந்தது. அதனால் பல மாநிலங்கள் அவ்வப்போது தள்ளுபடி அறிவித்தன. அப்படி ஓர் அறிவிப்பு நடப்பில் இருந்தால், பாக்கி முழுவதையும் கட்டிவிட்டுப் போவது வீண் செலவு.