உள்ளே எதை எடுத்தார்கள் என்று தெரியுமா?

வயதானவர்களிடம் பழைய ஆபரேஷன் பற்றிக் கேட்டால் எந்த வருடம், யார் துணைக்கு இருந்தார்கள் என்பதுவரை சொல்வார்கள். உள்ளே எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கேட்டால்தான் பலருக்குப் பதில் வராது. "அதெல்லாம் அந்த டாக்டருக்குத்தான் தெரியும்" என்பார்கள்.

கர்ப்பப்பை எடுத்தவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. எழுபதை நெருங்கிய ஓர் அம்மா மூட்டுவலிக்காக வந்தார். கிளம்பும்போது போகிறபோக்கில் சொன்னார்: "லேசா ரத்தம் படுது டாக்டர். கர்ப்பப்பையைத்தான் எடுத்தாச்சே, மூலமா இருக்கும்." பரிசோதித்தால் கர்ப்பப்பை வாய் அப்படியே இருந்தது. ரத்தம் அங்கிருந்துதான் வந்தது.

சில ஆபரேஷன்களில் கர்ப்பப்பையின் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வாயை விட்டுவிடுவார்கள். வாய் இருக்கும்வரை அதில் புற்றுநோய் வரவும் வாய்ப்பு உண்டு. அதற்கான பரிசோதனையை எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். சினைப்பைகளும் அப்படித்தான்; கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்திருக்கலாம், எடுக்காமலும் விட்டிருக்கலாம். எதை எடுத்திருந்தாலும் சரி, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்து காட்டுங்கள்.

ஆண்களுக்கு புராஸ்டேட். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. வயதாக ஆகப் பெருத்துக் குழாயை நெருக்கும். குழாய் வழியாகக் கருவியை விட்டு, அடைக்கும் உள்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பதுதான் பலருக்கும் நடக்கும் ஆபரேஷன். வெளிப்பகுதி உள்ளேயே இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அந்த வெளிப்பகுதியில்தான். முழுதாக எடுத்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டு, மறுபடி சிறுநீர் தடைபட்டாலும் வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் நிறைய.

பித்தப்பை எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே. பை போன பிறகும் பித்தக் குழாயில் கல் வரலாம். கண் மஞ்சளாகி, காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? டிஸ்சார்ஜ் சம்மரியிலும், எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் எல்லாம் எழுதியிருக்கும். பீரோவில் தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் கேளுங்கள். ஸ்கேனும் ஓரளவு உதவும். ஆனால் சினைப்பைகள் வயதில் சுருங்கிவிடுவதால், இருந்தும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். இனிமேல்தான் ஆபரேஷன் என்றால், எதை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு தாளில் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்த பிறகு, சொன்னபடிதான் எடுத்தார்களா என்றும் கேட்டு, அந்தத் தாளையே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.