கம்பளத்தின் முதுகைப் படியுங்கள்

காகசஸ் மலைநாட்டுப் பழங்கம்பளம் ஒன்றை வீட்டுக்கு வாங்கப் போகிறவர் முதலில் அதைப் புரட்டிப் போட வேண்டும். முன்பக்கத்தில் எட்டுமுனை நட்சத்திரமும் கொக்கிகளும் ஆட்டுக்கொம்பு வளைவுகளும் கண்ணைப் பறிக்கும். அது எந்த நூலில் நெய்யப்பட்டது, எந்தப் பகுதியின் வழக்கம், எத்தனை இடத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறது.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட நிலமே காகசஸ். இன்றைய அஜர்பைஜான், ஆர்மீனியா, ஜார்ஜியா, ரஷ்யாவின் தாகெஸ்தான் ஆகியவை இதில் அடங்கும். நூறு வயது கடந்தால்தான் சந்தையில் பழங்கம்பளம் என்பார்கள். இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தவை. பெயர்களில் கவனம் தேவை. ‘கசாக்’ என்பது தென்மேற்குக் காகசஸில் உள்ள ஒரு பகுதியின் பெயர். கசகஸ்தானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இப்போது கடைகளில் ‘கசாக்’ என்று விற்கும் புதுக் கம்பளங்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நெய்யப்படுபவை. அவை தரமானவையாகவே இருக்கலாம், ஆனால் பழங்கம்பளத்தின் விலைக்கு உரியவை அல்ல.

முடிச்சிலிருந்து தொடங்குவோம். நம் பவானி ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது. குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் கட்டிய பாவு நூலை மூடிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். முடிச்சுக் கம்பளத்தில் தறியில் கட்டிய பாவு இழைகள் இரண்டின் மேல் ஒரு சிறு கம்பளித் துண்டு குறுக்கே படுக்கும். அதன் இரு முனைகளும் பின்னால் சுற்றி, அந்த இரண்டு பாவுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக ஒன்றாக முன்னால் வரும். நெசவாளர் அதைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி நறுக்குவார். காகசஸ் முழுவதும் இந்தச் சமச்சீர் முடிச்சுதான். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து நெருக்குவார்கள். பசையும் கிடையாது, தையலும் கிடையாது. ஆட்டு ரோமத்தின் மேற்பரப்பில் ஓட்டுவில்லைகள் போல் அடுக்கிய நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றுவதாலும், ஊடையின் அழுத்தத்தாலும்தான் முடிச்சு நூறாண்டு நிற்கிறது.

இழுத்து நறுக்குவதால் முன்பக்கம் நிற்கும் அந்த முனைகள், அதாவது மேலிழைகள் எல்லாம் நெசவு தொடங்கிய பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் எதிர்க்கும். மேலிழை உங்களை விட்டு அப்பால் சாயும் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் வெளிறித் தெரியும், எதிர்ப்பக்கம் நின்றால் ஆழ்ந்து தெரியும். வாங்குமுன் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்.

பின்பக்கத்தில் ஒவ்வொரு முடிச்சும் பக்கத்துப் பக்கமாக இரண்டு புடைப்புகளாகத் தெரியும். அளவுகோலை வைத்து 10 செ.மீ. அகலத்திலும் 10 செ.மீ. நீளத்திலும் முடிச்சுகளை எண்ணிப் பெருக்கினால் ஒரு சதுர டெசிமீட்டருக்கான கணக்கு கிடைக்கும். கசாக் வகையில் சுமார் 900 முதல் 1,500 வரை. கிழக்குக் காகசஸின் ஷிர்வான், கூபா வகைகளில் 1,500க்கு மேல். 1,200 முடிச்சுள்ள 1.5 × 2.1 மீட்டர் கசாக்கில் மொத்தம் 3,78,000 முடிச்சுகள். எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்று சொல்லி விற்பார்கள். பாரசீக நகரப் பட்டறைக் கம்பளத்தின் அளவுகோல் அது. அங்கே கொடியும் பூவும் வளைந்து ஓட வேண்டும், அதற்கு நெருக்கமான முடிச்சு தேவை. காகசஸ் கோலங்கள் நேர்கோடும் படிக்கட்டுச் சாய்வும் கொண்டவை, குறைந்த முடிச்சிலேயே கூர்மையாக நிற்கும். நல்ல கம்பளியும் நல்ல சாயமும் உள்ள 1,000 முடிச்சுக் கசாக்கை, மங்கிய சாயத்தில் நெய்த 2,500 முடிச்சுக் கம்பளத்துக்காக விட்டுவிடுவது பெரிய நட்டம்.

பகுதிகளைப் பிரித்தறியவும் அமைப்பே துணை. கசாக்கில் பாவும் ஊடையும் கம்பளி. ஊடை பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏறியது, இரண்டு முடிச்சு வரிசைகளுக்கு நடுவே இரண்டு முதல் நான்கு முறையோ அதற்கு மேலோ ஓடும். மேலிழை நீளமானது, கம்பளம் போர்வை போலத் துவளும். கிழக்கே காஸ்பியன் பக்கத்து ஷிர்வான், கூபா வகைகளில் மேலிழை குட்டை, உடல் மெல்லியது. காலம் செல்லச் செல்ல ஊடையில் பருத்தி வந்து சேர்ந்தது. கராபாக் பகுதிக் கம்பளங்கள் தன்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில்.

அடுத்தது நிறம். சிவப்பின் வேர் ரூபியா என்னும் செடியின் வேர். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்று கிடைக்கும் வேர் இதே பேரினத்தைச் சேர்ந்தது. சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இதன் முதன்மை நிறமியான அலிசாரின்தான் இருக்கிறது. நிறமி தானாகக் கம்பளியில் உறுதியாக ஒட்டாது. முதலில் படிகாரக் கரைசலில் கம்பளியைக் காய்ச்ச வேண்டும். ஒரு கிலோவுக்கு 100 முதல் 200 கிராம் வரை படிகாரம் போதும். அலுமினிய அயனி ஒரு கையால் கம்பளிப் புரதத்தையும் மறு கையால் நிறமியையும் பிடித்துக்கொள்கிறது. பிறகு வேர்ச்சாயத்தில் ஊறவைத்து, வெப்பம் சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்ப்பார்கள். தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறமிகளும் இறங்கிச் சிவப்பைக் கெடுக்கும். படிகாரத்துக்குப் பதில் இரும்பு உப்பைப் போட்டால் அதே வேர் ஊதாவும் கரும்பழுப்பும் தரும். நீலம் அவுரியின் நிறமி. அதற்குப் படிகாரம் போன்ற நிறமூன்றி வேண்டாம். தொட்டியில் ஆக்சிஜன் நீங்கிக் கரைந்து நூலுக்குள் நுழையும், வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மீண்டும் கரையாத நீலமாகி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பச்சை என்பது மஞ்சளின் மேல் ஏற்றிய அவுரி. மஞ்சள் வெயிலில் சீக்கிரம் போய்விடுவதால் பழைய பச்சைகள் நீலம் பார்த்திருக்கும்.

1856இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். சில ஆண்டுகளில் ஃபுக்சின் என்னும் ஊதாச்சிவப்புச் செயற்கைச் சாயம் சந்தைக்கு வந்தது. 1883இல் காஸ்பியன் கரையிலுள்ள பாக்கு நகரையும் கருங்கடல் துறைமுகமான பாத்தூமியையும் ரயில்பாதை இணைத்தது. கம்பளம் வெளியே போவதும் ஐரோப்பியச் சாயம் உள்ளே வருவதும் எளிதாயின. மேலிழையை இரு கட்டைவிரலால் பிளந்து அதன் அடியைப் பாருங்கள். முடிச்சடியில் பளிச்சென்ற கருஞ்சிவப்பு ஊதா, நுனியில் சாம்பல் என்றால் அது ஃபுக்சின். இயற்கைச் சாயமும் வெளுக்கும். ஆனால் அடியிலிருந்து நுனிவரை அதே நிறக் குடும்பத்துக்குள் படிப்படியாக வெளுக்கும். அடுத்த ஆபத்து, தண்ணீர் பட்டால் ஓடும், அசோ என்னும் செயற்கைச் சாய வகையின் சிவப்புகள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தித் தேயுங்கள். அவுரி லேசாக நீலம் விடுவது இயல்பு. சிவப்பு இறங்கினால் அதைக் கழுவவே முடியாது. பக்கத்து வெள்ளை ரோசாவாகிவிடும். செயற்கை எல்லாமே கெட்டதும் அல்ல. 1868இல் ஆய்வகத்தில் உருவாக்கிய அலிசாரினும், 1897இல் விற்பனைக்கு வந்த செயற்கை அவுரியும் செடியிலுள்ள அதே மூலக்கூறுகள். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். ரூபியா வேரில் அலிசாரினோடு புர்புரின் என்னும் நிறமியும் இருக்கும். அதை ஆய்வகத்தில் நிறப்பகுப்பு (குரோமட்டோகிராஃபி) முறைதான் காட்டும்.

ஒரே சிவப்புப் பரப்பில் குறுக்காகப் பட்டை பட்டையாக நிறம் மாறுவதைப் பலர் குறை என்று நினைக்கிறார்கள். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி நூல் தொடங்கிய இடம் அது. இதற்கு அப்ராஷ் என்று பெயர். நெசவு வரிசை வரிசையாக ஏறுவதால் அப்ராஷ் எப்போதும் ஊடையின் திசையில்தான் ஓடும். செங்குத்தாகவோ வட்டமாகவோ நிறம் மாறினால் அது வெயிலின் வேலை, இல்லையென்றால் கறை.

கருப்புக் கோடுகளை விரலால் தடவிப் பாருங்கள். பழைய கம்பளத்தில் அவை பள்ளமாக இருக்கும். இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் (டானின்) சேர்த்துச் சாயமேற்றிய கம்பளியை அந்த இரும்பே மெல்ல ஆக்சிஜனேற்றி நொறுக்குகிறது. சுற்றியுள்ள நிறங்கள் மேடாகி நிற்கின்றன. இது சேதம் அல்ல, வயதின் தடம். கருப்பு மட்டும் உயரம் குறையாமல் இருந்தால், கருநிற ஆட்டின் இயற்கை ரோமமா, பிற்காலத்தில் மறுபடி முடிச்சிட்டதா என்று பின்பக்கம் பார்த்துத் தீர்மானியுங்கள்.

சில கம்பளங்களில் ஆண்டே நெய்திருக்கும். இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டானால், அதில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 622ஐக் கூட்டுங்கள்: 1320 என்பது 1902 ஆகிறது. இங்கே ஒரு பழைய மோசடி உண்டு. அரபு எண்களில் மூன்றுக்கு இரண்டு பல், இரண்டுக்கு ஒரு பல். ஒரு பல்லின் முடிச்சுகளைப் பிடுங்கிப் பின்னணி நிறத்தில் மாற்றினால் 1320 என்பது 1220 ஆகி, கம்பளம் கிட்டத்தட்ட நூறாண்டு மூப்பாகிவிடும். இலக்கத்தின் பின்பக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மாற்றிய முடிச்சின் நூல் பருமனும் இறுக்கமும் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாது.

உடல் பரிசோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓட்டைகளும் தேய்ந்த இடங்களும் தெரியும். சிறு பகுதியை மென்மையாக மடியுங்கள்; நொறுங்கும் ஓசை கேட்டால் அடிநூல், அதாவது பாவோ ஊடையோ, உளுத்திருக்கிறது. ஈரப் பூந்தொட்டியின் அடியில் கிடந்த பருத்தி ஊடைக்கு இது அதிகம் நேரும், ஏனெனில் பூஞ்சை செல்லுலோஸை எளிதாகத் தின்னும். உளுத்த அடிநூலைச் சரிசெய்ய வழியில்லை; அழகில் மயங்காமல் வைத்துவிடுங்கள். பாவு இழைகளின் நீட்சிதான் குஞ்சம். தனியாகத் தைத்த குஞ்சம் என்றால் முனை தேய்ந்து போயிருக்கிறது, அல்லது வெட்டப்பட்டிருக்கிறது. நான்கு பக்கமும் கரைப்பட்டைகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் குறைந்தால் வெட்டிச் சுருக்கியது. தேய்ந்து வெளித்தெரியும் அடிநூலுக்கு மை தீட்டியிருந்தால், நனைத்த துணிச் சோதனையிலேயே அது பிடிபட வாய்ப்பு அதிகம். சீராகக் குட்டையான மேலிழை, முனையில் இரண்டொரு வரிசை இழப்பு, கைத்தேர்ந்தவர் செய்த சிறு முடிச்சுப் பழுது ஆகியவற்றை விலை குறைத்து ஏற்கலாம். ஓரங்கள் நேராக இல்லாமல், ஒரு முனை சில செ.மீ. அகலமாக இருந்தால் கவலை வேண்டாம். கிராமத்துத் தறி அப்படித்தான். தரையில் விரித்தால் நடுவில் குமிழாக எழும்பினால்தான் யோசிக்க வேண்டும், அந்த மேட்டில் நடை பட்டுச் சீக்கிரம் தேயும்.

அளவில் இவை சிறியவை. 1.2 × 1.8 மீட்டரைச் சுற்றியவை அதிகம், கூடம் நிறைக்கும் அளவு அரிது. சாப்பாட்டு மேசைக்கடியில் போடாதீர்கள். நாற்காலிக் கால் முடிச்சை அறுக்கும். படுக்கையறை, வாசிக்கும் மூலை, சுவர் ஆகியவை ஏற்ற இடங்கள். வழுவழுத்த தரையில் அடியில் கம்பளி ஃபெல்ட் விரிப்பு வையுங்கள். நுரை பிவிசி காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போட்டால் வெயிலும் நடையும் சமமாகப் பங்காகும். சுழல் தூரிகை இல்லாத உறிஞ்சுகுழலை மேலிழை சாய்ந்த திசையிலேயே ஓட்டுங்கள், குஞ்சத்தின் மேல் வேண்டாம். சலவைத்தூளின் காரம் கம்பளிப் புரதத்தை அரிக்கும்.

அந்துப்பூச்சிதான் கடைசி எதிரி. தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. கட்டிலுக்கடியில் ஆளரவமில்லாத இருட்டில் இருக்கும். திறந்த அறையில் பாச்சை உருண்டையால் பயன் குறைவு, ஆவி செறிவதில்லை. சிறிய கம்பளத்தில் புழு கண்டால், மேலிழை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, பாலித்தீன் உறையில் காற்றை நீக்கி மூடி, −20 டிகிரி குளிரில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். வியர்க்கும் ஈரம் கம்பளத்தில் படியாமல் உறையின் மேலேயே நிற்கும். பிறகு விரித்து, இரண்டு பக்கமும் உறிஞ்சுகுழலால் முட்டைகளையும் கூடுகளையும் எடுத்துவிட்டு, அது கிடந்த தரையின் இடுக்குகளையும் அதேபோல் சுத்தம் செய்யுங்கள்.