வெப்காமிக் என்றால் "இணைய நகைச்சுவை" அல்ல

"நீண்ட காலமாக ஓடும் இருண்ட சுதந்திர இணைய நகைச்சுவை." இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு அதற்குத் தமிழ் என்று பெயர் வைக்கிறார்கள். எப்போதோ ஒருமுறை கண்ணில் பட்டால் போகட்டும் என்று விடலாம். செயலிகளின் அறிமுகக் குறிப்பு, செய்திக் கட்டுரை, வீடியோவின் துணைத்தலைப்பு என்று எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. சொல்ல வந்த பொருள் வெப்காமிக், அதாவது இணையத்தில் வெளிவரும் சித்திரக்கதை. செத்தும் அடங்காத உடம்பு, பிள்ளை பிடிக்கும் கும்பல், சித்திரவதை என்று போகும் கதைக்கு நகைச்சுவை என்று முத்திரை குத்தினால், படிக்கப் போகிறவர் சிரிப்பதற்குத் தயாராகப் போய் உட்கார்ந்து மிரண்டுதான் எழுந்திருப்பார்.

காமிக் என்ற சொல்லின் வேரை வேகமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் கோமோஸ் என்றால் கூத்தும் கும்மாளமும். அதிலிருந்து கோமோய்டியா, லத்தீனில் கோமிகுஸ், ஆங்கிலத்தில் காமிக். பிரிட்டனில் 1890இல் அரைப் பென்னிக்கு வந்த காமிக் கட்ஸ் இதழ் விற்றது சிரிப்புத்தான். 1895 முதல் மஞ்சள் சட்டைப் பையன் என்ற சித்திரப் பாத்திரம் கலக்கிய அமெரிக்க ஞாயிற்றுக்கிழமை இணைப்பும் சிரிப்புத்தான். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு 1930களில் துப்பறிவாளரும் சாகச வீரரும் வந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் திகில் இதழ்கள் எந்த அளவுக்குப் போயின என்றால், 1954இல் பதிப்பாளர்களே கூடித் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். சிரிப்பு போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் இதை "வரைந்த பட்டை" என்கிறார்கள். இத்தாலியர்கள் பேச்சுக் குமிழியைப் பார்த்துப் "புகைச்சுருள்" என்று பெயர் வைத்தார்கள்.

இணையத்திலும் அதே கதைதான் மறுபடி நடந்தது. 1993 செப்டம்பரில் தொடங்கிய டாக்டர் ஃபன் ஒற்றைக் கட்டச் சிரிப்புப் படம்; அதை இணைய நகைச்சுவை என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 1997 ஆகஸ்டில் பீட் ஏப்ரம்ஸ் தொடங்கிய ஸ்லக்கி ஃப்ரீலான்ஸ் தினம் ஒரு துணுக்காக ஆரம்பித்துப் பேய், கொலை, இழப்பு என்று நீண்டது. இப்படித் துணுக்காகத் தொடங்கித் துயரத்தில் போய் விழுவதற்கு வெப்காமிக் வாசகர்கள் "செரிபஸ் வியாதி" என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். டேவ் சிம் 1977இல் கேலியாகத் தொடங்கி, 2004இல் 300ஆவது இதழோடு முடித்த செரிபஸ் என்ற அச்சுத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. இதன் உச்சம் 2008 ஜூன் 2. வீடியோ கேம் கிண்டலுக்குப் பெயர்போன கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் தொடரில் அன்று நான்கே கட்டம், ஒரு வசனம் கிடையாது. நாயகன் மருத்துவமனைக்குள் ஓடி வருகிறான், வரவேற்பில் விசாரிக்கிறான், மருத்துவரிடம் பேசுகிறான், கடைசிக் கட்டத்தில் கருக்கலைந்து படுத்திருக்கும் துணைவியின் பக்கத்தில் நிற்கிறான். இதற்கு "அன்றைய இணைய நகைச்சுவை" என்று எழுதிப் பாருங்கள்.

மேலே சொன்ன வரியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. "இருண்ட நகைச்சுவை" என்றால் தமிழில் அவல நகைச்சுவை என்ற வேறொரு பொருள் கிடைத்துவிடுகிறது. சாவை வைத்துச் சிரிக்க வைப்பது வேறு, சிரிக்காமல் சாவைச் சொல்வது வேறு. "சுதந்திர" என்பதோ விடுதலைப் போராட்டத்தை நினைவூட்டுகிறது. பதிப்பகமோ நிறுவனமோ பின்னால் இல்லாமல் ஆசிரியரே வெளியிடுவது என்பதுதான் அதன் பொருள். ஆக, "ஆசிரியர் சொந்தமாக வெளியிட்டுப் பல ஆண்டுகளாக நடத்திவரும், கொடுமையும் துயரமும் நிறைந்த இணையச் சித்திரக்கதை" என்று எழுதலாம். நீளம்தான், பொய் இல்லை.

சித்திரக்கதை என்றதும் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் "வரைகதை" என்று திருத்த வருவார்கள். சித்திரம் வடசொல் என்பது முதல் வாதம். வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்று ஔவையார் பெயரில் வழங்கும் பாட்டில் செந்தமிழுக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. அங்கே உறுத்தாதது இங்கே ஏன் உறுத்த வேண்டும்?

வரைகதை இலக்கணப்படி குற்றமற்ற சொல். ஊறுகாய், சுடுசோறு மாதிரி அழகான வினைத்தொகை. என் தடை வேறு. வரைகதையை இப்போது பலர் கிராஃபிக் நாவலுக்கு வழங்குகிறார்கள். 1978இல் அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் தன் நூலின் அட்டையில் போட்டுப் பரவலாக்கிய அந்தப் பெயர் ஒரு புத்தக வடிவத்தைக் குறிப்பது. பல வெப்காமிக்குகள் பின்னால் புத்தகமாக வருகின்றன. அதைச் சொல்ல வரும்போது "இந்த வரைகதை பின்னர் வரைகதையாக வெளிவந்தது" என்றா எழுதுவது? ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் இரண்டும் கெடும். அதோடு, வரையாத வெப்காமிக்குகளும் உண்டு. 2003இல் தொடங்கிய டைனோசர் காமிக்ஸில் ரயன் நார்த் ஒவ்வொரு முறையும் அதே ஆறு கட்டங்களை அதே ஆயத்தப் படங்களோடு போடுகிறார். மாறுவது வசனம் மட்டும். 2003 முதல் 2015 வரை வந்த எ சாஃப்டர் வேர்ல்டு முழுக்கப் புகைப்படம். இவற்றில் "வரை" எங்கே இருக்கிறது?

அப்படியானால் படக்கதைதானே சரி என்று கேட்பது நியாயம். புகைப்படத்தையும் அது அணைத்துக்கொள்ளும், வாரப் பத்திரிகைகளில் புழங்கிய சொல்லும்கூட. ஆனால் இன்று "படம்" என்றால் சினிமா. "இணையப் படக்கதை" என்று தலைப்பிட்டால் ஓடிடி படத்தின் கதைச்சுருக்கம் என்று நினைத்துத்தான் வருவார்கள். சித்திரக்கதைக்கு இந்தத் தொல்லை இல்லை. 1960 முதல் தினத்தந்தியில் கன்னித்தீவைத் தொடரும் நாட்டில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. புகைப்படத் தொடர்களுக்கு அது கொஞ்சம் பிடிப்பில்லாமல் போகும், ஒப்புக்கொள்கிறேன். விதிவிலக்குக்காக விதியை மாற்ற வேண்டாம். பேச்சுநடையில் எழுதுபவர்கள் காமிக்ஸ் என்றே எழுதட்டும். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்ததிலிருந்து "ஒரு காமிக்ஸ்" என்று பன்மையை ஒருமையாக்கி நாம் சொந்தமாக்கிக்கொண்ட சொல் அது. காமிக்ஸ் என்று எழுதுபவர் தமிழைக் கெடுப்பதில்லை. காமிக்கை நகைச்சுவை என்று எழுதுபவர்தான் வாசகரை ஏமாற்றுகிறார்.

"இணைய" என்ற முன்னொட்டு வெறும் முகவரி அல்ல. அச்சில் வந்ததை ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெப்காமிக் ஆகாது. ஆஷ்லி கோப் 2010இல் தொடங்கிய அன்சவுண்டட் நல்ல சான்று. எழுத்து, கோடு, வண்ணம் எல்லாம் அவரே. அத்தியாயம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு மூன்று பக்கம். செத்துப்போன மந்திரவாதி ஒருவரும் திருடர் தலைவனின் வால் முளைத்த மகளும் சேர்ந்து பயணம் போகும் கதை. சில பக்கங்களில் படம் கட்டத்தை உடைத்துக்கொண்டு பக்கத்துக்கு வெளியே, தளத்தின் பின்னணி வரைக்கும் பரவும். புத்தகமாக்கும்போது அந்தப் பின்னணி கிடையாது. படத்தை வேறுவிதமாக அடக்கியாக வேண்டும். ஹோம்ஸ்டக் என்ற வெப்காமிக்கின் நிலை இன்னும் மோசம்: அதன் அசையும் பக்கங்கள் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31இல் ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றதும் அவை உலாவியில் அப்படியே ஓடாமல் போயின.

சாதாரணப் பக்கத்துக்கே அச்சு தகராறு செய்யும். திரைக்கு 800 பிக்சல் அகலம் போதும். அதை மட்டும் சேமித்து வைத்தவர், அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்கும் அச்சகத்துக்குப் போனால் 7 செ.மீ. அகலப் படம்கூடத் தேறாது. வழக்கமான அமெரிக்க இதழ் அளவுக்குச் சுமார் 2000 பிக்சல் வேண்டும். இருட்டுக் காட்சிகள் நிறைந்த தொடருக்குக் கூடுதல் வம்பு. பின்னாலிருந்து ஒளி வரும் திரையில் தெளிவாகத் தெரிந்த கருநீலமும் கரும்பழுப்பும் தாளில் மை ஊறி ஒரே சேறாகிவிடும். நிழல்களை முன்கூட்டியே வெளுக்க வேண்டும். வசன எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைக்க வேண்டும். வண்ண அச்சின் நான்கு மையும் கலந்த கறுப்பில் வைத்தால், அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ணக் கோடு தெரியும்.

இந்த வேலைகளைப் பற்றிய பேட்டிகளும் குறிப்புகளும் தமிழுக்கு வரும்போதுதான் கூத்து. வெளியீட்டுக்கு முன்னால் முடித்து வைத்திருக்கும் பக்கங்களை பஃபர் என்பார்கள். அது "தாங்கல்" ஆகிறது. நம்மிடம் "கையிருப்பு" இல்லையா? வாரம் மூன்று பக்கம் போடுபவரிடம் 12 பக்கக் கையிருப்பு இருந்தால் நான்கு வாரம் காய்ச்சலில் படுக்கலாம் என்று எழுதினால் யாருக்கும் புரியும். வசனம் எழுதிச் சேர்ப்பவர் "கடிதம் எழுதுபவர்" ஆகிறார். பேனல் "குழு" ஆகிறது. கட்டம் என்று சின்னப் பிள்ளை சொல்லும். கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடைவெளி கட்டர் (gutter). அகராதியின் முதல் பொருளை எடுத்து அதைச் "சாக்கடை" என்று போட்டுவிடுகிறார்கள். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்கப் படத்தை 3 மி.மீ. வெளியே நீட்டி வைப்பதை அச்சகத்தில் பிளீட் என்பார்கள். அது "இரத்தக்கசிவு" என்று வந்தால், கொலைக்கதை படிக்கும் வாசகருக்குச் சந்தேகம்கூட வராது.