மழை வரும்வரை மின்னல் காத்திருக்காது

மின்னலுக்கு மழைத்துளி தேவையில்லை. மேகத்தின் உயரத்தில் மோதிக்கொள்ளும் பனிதான் தேவை. தரையில் ஒரு சொட்டு விழும் முன்பே மின்னல் இறங்குவதற்கும், மழை விட்ட பிறகும் இறங்குவதற்கும் இதுதான் காரணம்.

இடிமேகத்துக்குள் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 10 முதல் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் அடுக்கில் மூன்று பொருள்கள் கலந்திருக்கும்: நுண்ணிய பனிப்படிகங்கள், சில மில்லிமீட்டர் அளவுள்ள மென்மையான பனியுருண்டைகள், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள். படிகமும் உருண்டையும் மோதி விலகும்போது மின்னேற்றம் பிரிகிறது. இந்தக் குளிரில் உருண்டை பெரும்பாலும் எதிர் மின்னேற்றமும் படிகம் நேர் மின்னேற்றமும் பெறும். எடை குறைந்த படிகங்களை மேலெழும் காற்று மேகத்தின் உச்சிக்குத் தூக்கிப் போய்விடும். கனமான உருண்டைகள் நடுவிலேயே தங்கும். இன்னும் கீழே, சற்று வெப்பமான பகுதியில் உருண்டைகள் நேர் மின்னேற்றம் பெறுவதால், அடியில் சிறியதாக ஒரு நேர் அடுக்கும் உருவாகும்.

கடல்மட்டத்தில் உலர்ந்த காற்று மின்கடத்தாத் தன்மையை இழக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். மேகத்துக்குள் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. பிறகு மின்னல் எப்படித் தொடங்குகிறது என்பது இன்றும் முழுமையாகத் தீராத கேள்வி. தொடங்கிவிட்டால் நடப்பது தெளிவாகத் தெரியும். கிளைவிட்ட ஒரு பாதை சுமார் 50 மீட்டர் நீளப் படிகளாக, நின்று நின்று கீழே வரும். தரையை நெருங்கும்போது மரம், கம்பம், திறந்தவெளியில் நிற்கும் மனிதர் ஆகியவற்றிலிருந்து மேல்நோக்கி ஒரு பாதை கிளம்பும். இரண்டும் சந்தித்த கணத்தில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து, பாதையின் வெப்பநிலையை 30,000 டிகிரி அளவுக்கு உயர்த்தும். அந்தக் காற்று வெடித்து விரிவதுதான் இடி.

கடும் புயல்களில் ஒரு கணக்கு தப்பும். மேலெழும் காற்று மிக வலுவாக இருந்தால் மின்னேற்ற அடுக்குகள் மிக உயரத்துக்குப் போய்விடும். அப்போது பெரும்பாலான மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே முடியும். தரையில் விழுபவற்றை மட்டும் எண்ணுபவருக்குப் புயல் வலுவற்றதாகத் தோன்றும். மொத்த மின்னல்களின் எண்ணிக்கை சில நிமிடங்களில் திடீரென எகிறினால், ஆலங்கட்டியோ பெருங்காற்றோ வரப்போகிறது என்று முன்னறிவிப்பாளர்கள் உஷாராவது இதனால்தான். மேகத்தின் உச்சியிலுள்ள நேர் மின்னேற்றம் தரைக்கு இறங்கும் மின்னல் அரிது. ஆனால் அதில் மின்சாரம் நீண்ட நேரம் பாயக்கூடும் என்பதால் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம்.

இடி காதில் விழுகிறதென்றால் நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிடலாம், ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டு வெளியில் நிற்க வேண்டாம். கட்டடத்துக்குள்ளோ, கூரையும் உலோக உடலும் கொண்ட காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். மரத்தடி மிக மோசமான இடம்: மரத்திலிருந்து மனிதருக்குப் பக்கவாட்டில் மின்சாரம் தாவும். நேரடியாகத் தாக்கப்படுபவர்கள் குறைவு. தரை வழியாகப் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால்தான் ஒரே மின்னலில் பலர் விழுகிறார்கள்.

விழுந்தவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பு அழுத்தத்தையும் செயற்கைச் சுவாசத்தையும் உடனே தொடங்குங்கள்.