புரொவிஷன் என்றால் நிதி ஒதுக்கீடா?

"வழக்கு இழப்பீட்டுக்காக நிறுவனம் பெருந்தொகை நிதி ஒதுக்கியது." காலாண்டு முடிவுகள் வரும்போதெல்லாம் இந்த வாக்கியமும் தவறாமல் வந்துவிடுகிறது. அந்த நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். எந்த நிதியும் ஒதுக்கப்பட்டிருக்காது, வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. அங்கே இருப்பது புரொவிஷன்.

சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடிப்படைப் பொருள் முன்கூட்டிப் பார்த்தல். சேமித்து வைத்த உணவும் சட்டத்தின் ஒரு கூறும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். கணக்கியல் பொருளை இறுக்கிக் கட்டியது 1998இல் வெளியாகி 1999 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐஏஎஸ் 37 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை. அதன்படி, எப்போது கொடுக்க வேண்டும் அல்லது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது உறுதியாகாத பொறுப்பே (லயபிலிட்டி) புரொவிஷன். கடந்த நிகழ்வால் இன்றே ஒரு கடப்பாடு இருக்க வேண்டும், பணம் வெளியே போக வாய்ப்பு அதிகம் இருக்க வேண்டும், தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பதியக் கூடாது.

ஆக, இது பொறுப்பு. கொடுக்க வேண்டிய பக்கத்தில் நிற்பது. 'நிதி ஒதுக்கீடு' என்றதும் இது வைத்திருக்கும் பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. 2015ஆம் ஆண்டுக் கணக்கில் ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை மோசடிக்காகச் சுமார் 1,620 கோடி யூரோவைச் செலவாகக் காட்டியது. அதில் பெரும்பகுதி புரொவிஷன். இதை 'ஒதுக்கியது' என்று படிப்பவர், பணம் எங்கோ தனியாகப் பத்திரமாக இருக்கிறது, நல்ல முன்யோசனைக்கார நிறுவனம் என்றல்லவா நினைப்பார்? லாபம் குறைந்ததும் பொறுப்பு கூடியதும்தான் உண்மை. கொடுக்கிற நாளில் பணத்தை வேறு எங்கிருந்தாவது திரட்ட வேண்டும். போதாக்குறைக்கு அரசு பட்ஜெட்டில் துறைக்குப் பணம் தருவதும் நிதி ஒதுக்கீடுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு வாசகருக்கு நிதியறிவு இல்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

பாடநூல்களும் முழுக்க உதவவில்லை. தமிழ்நாட்டில் 'ஒதுக்கு' என்றால் புரொவிஷன், 'காப்பு' என்றால் ரிசர்வ், அதாவது லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் தொகை. இலங்கையில் புரொவிஷன் 'ஏற்பாடு', ரிசர்வோ 'ஒதுக்கம்'. ஒரே வேர் இங்கே பொறுப்பையும் அங்கே பங்குதாரர் உரிமையின் ஒரு பகுதியையும் குறிக்கிறது. இரண்டு பக்கத்து நூல்களையும் வைத்துப் படிக்கிற மாணவர் பாவம்.

இரண்டில் 'ஏற்பாடு' மேல். குறைந்தபட்சம் பணப்பெட்டியை நினைவூட்டுவதில்லை. ஆனால் கல்யாண ஏற்பாடு மாதிரி வருங்காலத்துக்கான ஆயத்தம் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனித் தொழில் நடத்துவதில் வரக்கூடிய வருங்கால நட்டத்துக்குப் புரொவிஷன் போடக் கூடாது என்று ஐஏஎஸ் 37 வெளிப்படையாகவே தடுக்கிறது. நல்ல ஆண்டில் லாபத்தைக் கொஞ்சம் பதுக்கி, மோசமான ஆண்டில் எடுத்துவிடும் பழக்கத்தை அடைக்கத்தான் இத்தனை கெடுபிடி. 'ஒதுக்கு' என்ற சொல் அந்தப் பழைய பழக்கத்துக்கே பெயர் சூட்டியதுபோல இருக்கிறது!

என் தேர்வு 'மதிப்பீட்டுப் பொறுப்பு'. நீளம்தான், தனித்தமிழ் அன்பர்களுக்கு 'மதிப்பு' உறுத்தலாம். பரவாயில்லை, தலைப்பைப் பார்த்ததும் இது பொறுப்பு, தொகை மதிப்பீடு என்று விளங்கிவிடுகிறது. திரும்பி வருமா என்று ஐயமுள்ள கடனுக்காகப் போடும் ஐயக்கடன் ஒதுக்கை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது பொறுப்பே அல்ல, வரவேண்டிய கடனின் மதிப்பிலிருந்து கழிக்கும் தொகை. ஐஏஎஸ் 37 அதைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. நிதிக் கருவிகளுக்கான தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 9 அதற்கு இழப்புக் கழிவு என்ற பொருளில் வேறு பெயரே வைத்திருக்கிறது. நாமும் 'இழப்புக் கழிவு' என்றே சொல்லிவிடலாம்.

அப்புறம், ஐஏஎஸ் 37இலேயே வரும், பின்னால் ஏதாவது நிகழ்ந்தால்தான் உறுதியாகும் கன்டின்ஜென்ட் பொறுப்பை 'எதிர்பாராப் பொறுப்பு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்பார்க்கவே இல்லையென்றால் அதை ஆண்டறிக்கையின் குறிப்புகளில் எப்படி எழுதினார்களாம்? இலங்கை வழக்கான 'நிகழத்தக்க பொறுப்பு' கச்சிதமாகப் பொருந்தும்போது இது எதற்கு?